மாப்பிள்ளையிடம் கேட்கக் கூடாத கேள்வி

என் மனைவியின் மேல்வரிசை முன்பற்கள் நான்கு. அவற்றில் மூன்று உயிர் போய், கட்டையாகச் சிறுத்து, செயற்கை மூடிக்குள் இருக்கின்றன. நான்காவது ஒரு மாத்திரை டப்பாவில், பஞ்சில் சுற்றி, எங்கள் பீரோவில் இருக்கிறது. அதை எதற்கு வைத்திருக்கிறாய், தூக்கிப் போடு என்றேன். "என்ற பல்லுதானுங்களே, இருக்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்த நான்கையும் கெடுத்தது ஒரு ஆள். கெடுக்க விட்டது நான். அந்த ஆள் மேல் எனக்கிருக்கும் ஆத்திரம் எங்கள் சொந்தபந்தம் முழுவதற்கும் தெரியும். என் மேல் எனக்கிருக்கும் ஆத்திரம்தான் யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கோவை கணபதியில் எனக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். இரண்டு லேத், ஒரு கிரைண்டிங் மெஷின். பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறோம். வந்து இறங்கும் இரும்பு ராடுக்கு டெஸ்ட் சர்டிபிகேட் கேட்பேன். இல்லையென்றால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவேன், கொண்டு வந்தவன் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவனாக இருந்தாலும் சரி. மைக்ரோமீட்டரில் ஒரு கோடு தள்ளி நின்றால் அந்த ஷாஃப்ட் என் பட்டறையை விட்டு வெளியே போகாது. என்னைப் போல இந்த ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறோம். நட்டுக்கும் போல்ட்டுக்கும் சர்டிபிகேட் கேட்போம். பெண்டாட்டியின் வாய்க்குள் மெஷினை விடுகிறவரிடம் நீங்கள் என்ன படித்தீர்கள் என்று கேட்க மாட்டோம். கேட்டால் மரியாதை போய்விடும். அவருடைய மரியாதையா, எங்களுடையதா என்று யோசித்ததுகூட இல்லை.

நடந்தது இதுதான். ஒரு சனிக்கிழமை மதியம் அவள் கடலை உருண்டையைக் கடித்தாள். உருண்டைக்குள் ஒரு பொடிக்கல். முன்பல்லின் ஓரத்தில் எள்ளளவு சில்லு தெறித்தது. வலி கிடையாது, ரத்தம் கிடையாது. நாக்கு அந்த இடத்துக்கே போய்ப் போய் வந்ததுதான் அவளுக்குத் தொந்தரவு. அவள் இரண்டாம் வகுப்பு டீச்சர். நாள் முழுக்க வாயைத் திறந்து எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற வேலை.

எங்கள் வீதி முனையிலேயே ஒரு பல் கிளினிக் இருக்கிறது. அங்கிருந்து சத்தி ரோட்டுக்குப் போவதற்குள் இன்னும் நான்கு. ஒவ்வொரு போர்டிலும் பெயருக்குப் பின்னால் பி.டி.எஸ்., எம்.டி.எஸ்., அதற்கு மேலும் அரை முழம் எழுத்துகள். அவள் சாயங்காலம் உட்கார்ந்து போனில் எல்லாவற்றையும் பார்த்தாள். "ஏனுங்க, முக்குல இருக்கிற லேடி டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிட்டு வந்துரட்டுங்களா?" என்றாள்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது நினைவுக்கு வந்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும். "நம்ம டாக்டர் மாப்பிள்ளை இருக்கறப்ப ஊர்பேர் தெரியாத ஆளுகிட்ட எதுக்குப் போகோணும்?" என்றேன்.

டாக்டர் மாப்பிள்ளை என்பவர் என் பெரியப்பா மகளுடைய மருமகன். அக்கா வீடு பெருந்துறையில். கூடப்பிறந்த தம்பி இல்லாததால் அக்கா பெண்ணின் கல்யாணத்தில் தாய்மாமனாக நின்றது நான்தான். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன கூட்டத்திலும் நான் இருந்தேன். தோப்பில் எத்தனை மரம், போர்வெல் எத்தனை அடி, தண்ணீர் கோடையில் நிற்குமா என்று கேட்டோம். கிணற்றை எட்டிப் பார்த்தோம். பையன் பல் கிளினிக் வைத்திருக்கிறார் என்றார்கள். அப்படியானால் பல் டாக்டர் என்று நாங்களே முடிவு செய்துகொண்டு, மண்டபத்தில் வைத்தே டாக்டர் மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்தோம். அந்தப் பையன் எந்தக் காலேஜில் எத்தனை வருஷம் படித்தான் என்று கேட்க அன்றைக்கு ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. போர் எத்தனை அடி என்று கேட்ட அதே வாய்தான்.

மறுநாள் காலையில் காரை எடுத்தோம். அவினாசி ரோட்டில் எத்தனை பல் கிளினிக்குகளைத் தாண்டினோம் என்று அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். அவினாசியில் எண்ணிக்கையை விட்டுவிட்டாள். எள்ளளவு சில்லுக்கு எண்பது கிலோமீட்டர் போனோம். இதில் எனக்குப் பெருமை வேறு. நம்மாள் என்று ஒருத்தர் இருக்கிறார் அல்லவா.

அக்கா வீட்டில் இட்லி, கோழிக் குழம்பு. சாப்பிட்ட பிறகுதான் கிளினிக். நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். மாப்பிள்ளை எழுந்து வந்து, "வாங்க மாமா, வாங்க அத்தை" என்று கையைப் பிடித்து நேராக உள்ளே கூட்டிப் போனார். சொந்தக்காரர்களுக்கு, எங்கள் பேச்சில் ஒறம்பரைக்கு, வரிசை கிடையாது. ஃபீஸும் கிடையாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். காசு வாங்காத இடத்தில் கேள்வி கேட்க முடியாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உள்ளே போவதற்கு முன், வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏனுங்க, போர்டுல வேற பேரு போட்டிருக்குதுங்க. யாரோ பொம்பளைப் பேரு. பி.டி.எஸ்.ஸுன்னு அவங்க பேருக்குப் பொறகுதான் இருக்குது. நம்ம மாப்பிள்ளை பேரையே காணோமுங்க."

நிமிர்ந்து பார்த்தேன். ஆமாம். ஒரு பெண் பெயர், பி.டி.எஸ்., அதன் கீழே ஒரு பதிவு எண்.

"கூட ஒரு டாக்டர் இருப்பாங்க. அதுக்கென்ன?"

"மாப்பிள்ளை என்ன படிச்சிருக்காருன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்களா?"

"நீ சும்மா இரு அம்மணி. மாப்பிள்ளைகிட்டப் போயி அதையெல்லாம் கேப்பாங்களா? அக்கா காதுல உழுந்தா என்ன நெனைக்கும்?"

அவள் சும்மா இருந்தாள். போனை எடுத்து அந்தப் போர்டை மட்டும் ஒரு படம் பிடித்துக்கொண்டாள். நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போனேன்.

மாப்பிள்ளை பல்லைப் பார்த்தார். பார்க்கும் விதம் நன்றாகத்தான் இருந்தது, சுத்தமான கையுறை, நெற்றியில் விளக்கு. "இது ஒண்ணுக்கு மட்டும் கேப் போட்டா கலர் மேட்ச் ஆகாதுங்க மாமா. நாலுக்கும் போட்டுட்டா ஒரே செட்டா நிக்கும். அத்தை சிரிச்சா பளிச்சுன்னு இருக்கும்" என்றார்.

செட் என்ற சொல்லில் நான் விழுந்தேன். பேரிங் மாற்றினால் ஜோடியாக மாற்றுகிற ஆள் நான். ஒன்று புதுசு ஒன்று பழசு என்றால் ஓடாது. இதைவிட நியாயமான பேச்சு எனக்கு உலகத்தில் கிடையாது. தலையாட்டினேன். அவளைக் கேட்கவில்லை. நாற்காலியில் மல்லாந்து, வாயைத் திறந்தபடி, அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊசி போட்டார். ராவ ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு வாடை வந்தது. மாட்டுக் கொம்பைச் சூடு போட்டால் வருமே, அந்த வாடை. எனக்கு அது தெரியும். என் பட்டறையில் கிரைண்டிங் மெஷினில் கூலண்ட் தண்ணீர் நின்றுபோனால் தேய்க்கிற இரும்பு சூடேறி நீலம் பாய்ந்துவிடும். அப்படி விட்டவனை நான் அந்த இடத்திலேயே திட்டுவேன். இங்கே அவர் கையிலிருந்த கருவியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, பிறகு அதுவும் வரவில்லை. என் கண் அதைப் பார்த்தது. என் மூக்குக்குத் தெரிந்தது. அவள் இரண்டு கையாலும் நாற்காலியின் ஓரத்தைப் பிடித்திருந்தாள், விரல் வெளுத்துப்போயிருந்தது, கண்ணோரத்து நீர் காதுக்குள் இறங்கியது. நான் அவளைப் பார்த்து, ஒன்றுமில்லை, ஆயிற்று, என்பது போலத் தலையை அசைத்தேன்.

முப்பது வருஷமாக இரும்பு ராவுகிற எனக்கு ஒரே ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால்தான் நாங்கள் எடுப்பதற்கு முன்னால் இரண்டு முறை அளக்கிறோம். அன்றைக்கு நல்ல பல் மூன்று, சில்லுத் தெறித்த பல் ஒன்று, நான்கும் என் கண் முன்னால் தீக்குச்சிக் கனத்துக்கு வந்தன. நான் "சூப்பருங்க மாப்பிள்ளை" என்றேன்.

அடுத்த வாரம் மூடிகள் வந்தன. பளிச்சென்றுதான் இருந்தன, சுவருக்கு அடித்த வெள்ளை மாதிரி. பள்ளிக்கூடத்தில் ஒரு சின்னப் பெண், "மிஸ், இது யாரு பல்லுங்க மிஸ்?" என்று கேட்டதாம். அதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் வாயை மூடாமல் சிரித்ததில் அதுதான் கடைசி என்று பிறகு எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

முதலில் குளிர்ந்த தண்ணீர் ஆகவில்லை. பிறகு சூடான காப்பி ஆகவில்லை. பிறகு எதுவும் படாமலே விண்விண்ணென்று தெறித்தது. மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். "செட்டாகறதுக்குக் கொஞ்சம் நாளாகுமுங்க மாமா" என்று வாட்ஸ்அப்பில் ஒரு மாத்திரைப் பெயர் அனுப்பினார். ஒரு மாதம் கழித்து வேறு மாத்திரை. அதற்கடுத்த மாதம், "அத்தைக்கு ஒடம்பே சூட்டு வாகுங்க, எளநி குடிக்கச் சொல்லுங்க" என்றார். நானும் இளநீர் வாங்கி வந்தேன். வெட்கமில்லாமல் ஸ்ட்ரா போட்டு அவள் கையில் கொடுத்தேன்.

ஆறு மாதத்தில் ஈறுக்கு மேலே ஒரு கொப்புளம் கிளம்பியது. அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் வீதி முனைக் கிளினிக்குக்குப் போய்விட்டு வந்து, "நான் காட்டிட்டு வந்துட்டனுங்க. நாளைக்கு உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றாள். அதைச் சொல்லும்போது என்னிடம் அனுமதி கேட்கிற குரல் அதில் இல்லை.

மறுநாள் போனேன். அந்த டாக்டருக்கு முப்பது வயது இருக்கும். நான் உட்காரும் முன்பே கேட்டேன்: "நீங்க முழு டாக்டருங்களா? பார்த்தா படிச்சிட்டிருக்கிற புள்ளையாட்டத் தெரியுதுங்களே?"

பார்த்தீர்களா, எவ்வளவு சுலபமாக வந்தது. பெருந்துறையில் தொண்டையைத் தாண்டாத கேள்வி, சொந்தமில்லாத ஒரு சின்ன வயசுப் பெண்ணிடம் வாசற்படியிலேயே வந்துவிட்டது. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் செரித்து முடிக்கவில்லை.

அந்த டாக்டர் கோபப்படவில்லை. சுவரில் மாட்டியிருந்த சர்டிபிகேட்டைக் காட்டினார். "கேக்கறது நல்லதுதானுங்க. நான் பி.டி.எஸ். அஞ்சு வருசம். கடைசி ஒரு வருசம் ஆஸ்பத்திரியில பேஷண்டுக்கே வேலை செஞ்சு பழகோணும். முடிச்சதுக்குப் பொறகு டெண்டல் கவுன்சில்ல பதிவு பண்ணி நம்பர் வாங்குனாத்தான் கிளினிக் வெக்க முடியும். இதுதானுங்க என்ற நம்பர்."

"அப்ப எம்.டி.எஸ்.ஸுன்னா?"

"அதுக்கு மேல மூணு வருசம், ஒரே ஒரு பிரிவுல. வேர் சிகிச்சை ஒருத்தரு, பல்லுக்குக் கம்பி கட்டறது ஒருத்தரு, வாய்ல ஆப்பரேஷன் ஒருத்தரு. போர்டுல அதுக்கும் மேல எழுத்து இருந்துதுன்னா அதெல்லாம் பாதி ரெண்டு நாள் மூணு நாள் வகுப்புங்க. போறது தப்பில்லீங்க. ஆனா அது டிகிரி இல்ல."

எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துக் காட்டினார். நான்கு பல்லும் உள்ளே செத்துவிட்டன. ராவும்போது ஏறிய சூடு. எனக்கு அந்த வாடை திரும்ப வந்தது. மூன்றுக்குத் தானே வேர் சிகிச்சை செய்வதாகச் சொன்னார். நான்காவதின் வேர் நுனியில் கட்டி, எலும்பும் கரைந்திருக்கிறது. "இது என்ற வேலை இல்லீங்க. வியாழக்கிழமை ஆப்பரேஷன் படிச்ச சார் ஒருத்தரு வருவாரு. அவரு பாத்துச் சொல்லட்டும்" என்றார். ஒரு வேலையைப் பார்த்து இது என் வேலை இல்லை என்று சொன்ன ஆளை, இந்த விவகாரத்தில் நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"முதல்ல எவ்வளவு உடைஞ்சிருந்துச்சுங்க?" என்று கேட்டார்.

என் மனைவி விரல் நுனியில் எள்ளளவு காட்டினாள்.

"பல்லு கலர்லயே ஒரு பசை வெச்சு, லைட் காட்டி இறுக்கியிருந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்குமுங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "இத ராவுனவரு என்ன படிச்சிருக்காருங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் போனை எடுத்து அந்தப் போர்டின் படத்தை நீட்டினாள். டாக்டர் கம்ப்யூட்டரில் கவுன்சிலின் பதிவேட்டைத் திறந்து அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தார். எண் நிஜம்தான், அந்தப் பெண்ணுடையது. பிறகு எங்கள் மாப்பிள்ளையின் பெயரைத் தட்டினார். ஊரைச் சேர்த்துத் தட்டினார், அப்பா பெயரைச் சேர்த்துத் தட்டினார். எதுவும் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் பெருந்துறைக்குப் போனேன். நேரில் கேட்டுவிட்டு வருவதாக அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். விஜயமங்கலம் வரைக்கும் என்ன கேட்க வேண்டும் என்று சத்தமாகப் பேசிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கிளினிக்கில் போய் நின்றதும் மாப்பிள்ளை ஓடி வந்தார். "வாங்க மாமா, தனியா வந்திருக்கீங்க, அத்தை சௌக்கியமுங்களா?" காத்திருந்தவர்களிடம், "இவருதான் என்ற சம்சாரத்தோட தாய்மாமன்" என்று அறிமுகம் செய்தார். அதற்குள் அக்கா வீட்டிலிருந்து காப்பி வந்துவிட்டது. அக்கா மகளே கொண்டு வந்தாள், இடுப்பில் குழந்தையோடு.

"அத்தைக்கு வலி நிக்கலீங்க மாப்பிள்ளை" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவர் இன்னொரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் காப்பியையும் குடித்துவிட்டு, மாத்திரைச் சீட்டையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

வீட்டுக்கு வந்ததும், "கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டுப்போட்டேன். இனி அந்த வேலையே செய்ய மாட்டேன்னாரு" என்றேன். சொன்னதில் ஒரு எழுத்துக்கூட உண்மை இல்லை.

மூன்று பற்களுக்கு வேர் சிகிச்சை நடந்தது. நான்காவதை அந்த வியாழக்கிழமை டாக்டர் காப்பாற்றப் பார்த்தார், முடியவில்லை. எடுத்துவிட்டார். புண் ஆறும் வரை அந்த இடத்தில் எதுவும் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவள் முந்தானையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டே இரண்டாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். வீட்டில் என்னிடமும் அப்படித்தான் பேசினாள்.

அந்த நாட்களில்தான் அக்காவும் மாப்பிள்ளையும் வந்தார்கள், முன்னறிவிப்பு இல்லாமல். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, மேலே ஒரு பத்திரிகை. பவானியில் இரண்டாவது கிளினிக் திறக்கிறாராம். தாய்மாமன்தான் குத்துவிளக்கு ஏற்ற வேண்டுமாம். பத்திரிகையைப் பிரித்தேன். மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் தங்க எழுத்தில் டாக்டர் என்று போட்டிருந்தது.

அவள் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். உட்கார்ந்தாள். பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கி நிதானமாகப் படித்தாள். பிறகு முந்தானையைக் கீழே விட்டாள். அந்த ஓட்டை தெரிந்தது. பக்கத்தில் தற்காலிக மூடிகள் மஞ்சளாகத் தெரிந்தன. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை" என்றாள். எங்கள் ஊர்க்காரியின் மரியாதை எதுவும் குறையவில்லை. "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

மாப்பிள்ளை அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "என்னங்க மாமா இது?"

அக்காவும் என்னைத்தான் பார்த்தாள். சும்மா இரு அம்மணி என்று நான் சொல்ல வேண்டிய இடம் அது. எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததை ஒரு வீரம் போல இங்கே எழுத எனக்கு உரிமை கிடையாது. வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

"பல்லு செட் செய்யற டிப்ளமோங்க அத்தை, ரெண்டு வருசம்" என்றார் கடைசியில். "கேப்பு, பல்லு செட்டு எல்லாம் செஞ்சு குடுக்கற படிப்பு. அந்த டாக்டரம்மாகிட்ட வேலைக்கு இருந்தேன். அவங்க கல்யாணம் ஆயி வெளிநாடு போயிட்டாங்க. சனம் வந்துட்டே இருந்துச்சு, நானே பாத்துட்டேன். நான் எப்பங்க டாக்டர்னு சொன்னேன்? நீங்கல்லாம்தான் கூப்பிட்டீங்க. மாமாவே போன மாசம் தனியா வந்தாரு. காப்பி குடிச்சாரு. ஒரு வார்த்தை கேக்கலீங்களே?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

அக்கா அழ ஆரம்பித்தாள். "கெரகம், இதையெல்லாம் இப்பக் கெளறோணுமா? தம்பி, என்ற புள்ளைக்கு ரெண்டு கொழந்தைங்க ஆச்சு. வெளிய தெரிஞ்சா அவ பொழப்பு என்னாகும்? ஆரு கேட்டா இப்ப? இத்தனை வருசம் ஆரும் கேக்கலியே!"

"அதேதானுங்க" என்றாள் என் மனைவி. "பவானியிலயும் ஆரும் கேக்க மாட்டாங்க." பத்திரிகையைத் தாம்பாளத்தில் திரும்ப வைத்து, தாம்பாளத்தை அக்கா பக்கம் மெதுவாக நகர்த்தினாள். "காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று எழுந்து உள்ளே போனாள். அவர்கள் காப்பிக்குக் காத்திருக்கவில்லை.

அன்று சாயங்காலமே அவள் டெண்டல் கவுன்சிலுக்குப் புகார் எழுத உட்கார்ந்தாள். டீச்சர் கையெழுத்து, அடித்தல் திருத்தல் கிடையாது. எந்தத் தேதியில் எந்தப் பல், என்ன மாத்திரை, எக்ஸ்ரே நகல், போர்டின் படம் எல்லாம் வரிசையாக. முடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டும்.

படித்தேன். இரண்டாம் பத்தியில் இப்படி இருந்தது: 'சிகிச்சைக்கு முன்பே வாசலில் போர்டைப் பார்த்துவிட்டு, அவர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்க வேண்டும் என்றேன். கேட்கக் கூடாது என்று என் கணவர் சொல்லிவிட்டார்.'

"இந்த வரி எதுக்கு?" என்றேன். "இது இல்லாமலே புகார் நிக்குமே. எடுத்துரு."

"நடந்ததுதானுங்களே" என்றாள். முந்தானை வாயருகே இல்லை. பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஷாஃப்ட்டை வெளியே அனுப்புவதற்கு முன் அளந்து பார்ப்பது போல, அந்த வரியை இன்னொரு முறை படித்தேன். ஒரு கோடுகூடத் தள்ளி நிற்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.